எட்டுக்கு எட்டுக் கட்டம்

சங்கப் பாடல்களைத் தொகுத்தோருக்கு ஓர் இடர் இருந்தது. பாட்டு கைக்கு வந்திருந்தது. பாடியவர் பெயர் வரவில்லை. அவர்கள் அதைக் கடந்த விதம் நாம் அறிந்ததே. பாட்டிலுள்ள அரிய தொடர் ஒன்றை எடுத்து அதையே புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தொடித்தலை விழுத்தண்டினார் என்று வகுப்பறையில் நாம் சொல்லிச் செல்லும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவை. ஆக்கியோன் தொலைந்த பின்னும் ஆக்கத்திற்குள்ளிருந்தே ஓர் அடையாளத்தை மீட்டுக்கொண்ட மரபு நம்முடையது.

இதே இடர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எவரும் எதிர்பாராத ஒரு துறையில் மீண்டும் தலைகாட்டியது. தொடக்ககால வீட்டுக் கணினிகளுக்கு விளையாட்டுகளை எழுதியோரைத் தேடும் முயற்சிகள் பற்றிச் சில ஆண்டுகளாக நாங்கள் வாசித்து வருகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். கதை தமிழ் எழுத்தில்தான் வந்து நிற்கும்.

1982 ஏப்ரலில் இங்கிலாந்தின் சிங்க்ளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்னும் கணினியை வெளியிட்டது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை. பாட்டுக் கேட்கும் டேப்ரிக்கார்டரே சேமிப்புக் கருவி. அதன் முன் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். தம் படுக்கையறையில் இரவெல்லாம் விழித்து ஒரு விளையாட்டை எழுதுவர், கேசட்டில் படியெடுப்பர், பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்து அஞ்சலில் அனுப்புவர். சிலருக்குப் பெரும்பணம் கிடைத்தது. பெரும்பாலோருக்கு ஒரு கோடை விடுமுறையின் செலவுக்கு ஆயிற்று. பின்னர்க் கல்லூரி, வேலை, திருமணம் என்று அவரவர் வழியே போயினர். கேசட் உறையில் பெயர் இருந்தால் உண்டு. பல உறைகளில் அதுவும் இல்லை.

பெயர் போடாமையே கொள்கையாக இருந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் அடாரி நிறுவனம் தன் விளையாட்டுகளில் எழுதியவர் பெயரை அச்சிடுவதில்லை. வாரன் ராபினெட் என்னும் ஊழியர் 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டை எழுதியபோது அதற்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டினார். கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரே ஒரு சாம்பல்நிறப் புள்ளியைக் கண்டெடுத்து எடுத்துச் சென்றால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். நுழைந்தால் அங்கே அவர் பெயர் மின்னும். நிறுவனத்தாருக்கே தெரியாமல் செய்த வேலை. 1979-இல் அவர் பணியை விட்டு விலகிவிட்டார். விளையாட்டு வெளிவந்த பின் சால்ட் லேக் நகரத்துச் சிறுவன் ஒருவன் கடிதம் எழுதியபோதுதான் விஷயம் நிறுவனத்திற்கே வெளிச்சமாயிற்று. பாட்டின் கடைசியில் தன் பெயரை முத்திரையாக வைத்துவிட்டுப் போன பதகர்த்தாக்களை நாம் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

இவ்வரலாற்றில் மிகவும் பேசப்பட்டவர் மேத்யூ ஸ்மித். லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள வாலசி என்னும் ஊரில் வளர்ந்தவர். 1983-இல், பதினேழு வயதில், 'மேனிக் மைனர்' என்னும் விளையாட்டை எழுதினார். இருபது குகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு புதிர். அடுத்த ஆண்டே 'ஜெட் செட் வில்லி'. இரண்டும் பிரிட்டன் முழுக்கப் பரவின. மூன்றாவதாக ஒன்று வருமென்று விளம்பரம் வந்தது, விளையாட்டு வரவில்லை. பிறகு ஆளே காணோம். தொண்ணூறுகளில் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்பதற்கென்றே ஓர் இணையப்பக்கம் தொடங்கப்பட்டது. கண்டேன், கேட்டேன் என்று வதந்திகள் வந்து குவிந்தன. உண்மையில் அவர் நெதர்லாந்தில் ஒரு கூட்டுவாழ்க்கைக் குடியிருப்பில் சில காலம் கழித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். பதினேழு வயதில் அடைந்த புகழ் ஒருவரை என்ன செய்யும் என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று எமக்குத் தெரியவில்லை. தேடியவர்கள் கண்டுபிடித்தது ஒரு மேதையையோ பித்தரையோ அன்று. களைத்துப்போன ஒரு மனிதரைத்தான்.

வெரோனிகா மெக்லர் கதை வேறு வகை. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பகுதிநேர வேலையாக, டோல்கீனின் நாவலைத் தழுவிய 'தி ஹாபிட்' என்னும் விளையாட்டைப் பிலிப் மிட்செல் என்பவரோடு சேர்ந்து எழுதினார். 1982-இல் வெளிவந்தது. படிக்கும் கதையைப் போலச் சொற்களால் ஆடும் ஆட்டம் அது. ஆடுபவர் சும்மா இருந்தாலும் கதைமாந்தர் தம் போக்கில் நடமாடிக்கொண்டிருப்பர் என்பது அந்நாளில் பெரும் புதுமை. மெக்லர் அத்துடன் விளையாட்டுத் துறையையே விட்டு விலகித் தரவுத்தள ஆய்வுக்குப் போய்விட்டார். தாம் மாணவியாக இருந்தபோது செய்த வேலையை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் நெஞ்சில் வைத்திருக்கின்றனர் என்பது அவருக்குத் தெரியவரப் பல ஆண்டுகள் ஆயின. தேடுவோர் இல்லையேல் அவருக்கே அவர் கதை முழுதாகத் தெரிந்திராது.

இத்தேடல் முதலில் அன்பர்களின் வேலையாக இருந்து பிறகு ஆய்வாளர்களின் வேலையுமாயிற்று. 1995-இல் நெதர்லாந்தில் மார்ட்டைன் வான் டெர் ஹைடே தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்' என்னும் காப்பகம் விளையாட்டுகளைச் சேமித்ததோடு, அவற்றைப் பொதுவில் வைக்க உரிமையாளர்களிடம் ஒப்புதலும் கேட்டது. ஒப்புதல் கேட்க வேண்டுமெனில் ஆள் வேண்டும். ஆகவே தேட வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாட்டு அன்பர்களைப் பற்றி மெலனி ஸ்வால்வெல் 2021-இல் ஒரு நூல் எழுதினார். செக் நாட்டு ஆய்வாளர் யாரோஸ்லாவ் ஷ்வெல்க் 2018-இல் எழுதிய நூல் எங்களை மிகவும் ஈர்த்தது. கம்யூனிச ஆட்சிக் காலச் செக்கோஸ்லோவாக்கியாவில் விளையாட்டுகளைக் கடையில் வாங்க வழியில்லை. அரசு சார்ந்த சங்கங்களின் கணினிக் கழகங்களில் கூடிய இளைஞர்கள் தாமே எழுதிக் கைமாற்றிக்கொண்டனர். 1989 ஜனவரியில் பிராகு நகரின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் ஆர்ப்பாட்டக்காரர்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. அதை வைத்தே இந்தியானா ஜோன்ஸ் அந்தச் சதுக்கத்திலிருந்து உயிர்தப்புவதாக ஒரு சொல்லாட்டம் கைக்குக் கை பரவிற்று. எழுதியவர் பெயர் இல்லை, இருந்திருந்தால் சிறை. பெயரின்மை அங்கே கவனக்குறைவால் வந்ததன்று. அஃது ஒரு காப்பு.

இவற்றையெல்லாம் வாசிக்கும்போது எங்களுக்கு உ.வே.சா. நினைவு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியொன்று அவரைச் சிந்தாமணிப் பக்கம் திருப்ப, 1887-இல் அது அச்சேறியது. ஏட்டைச் செல்லரித்தது, கேசட்டின் காந்தப்பூச்சு உதிர்கிறது. வேறுபாடு கால அளவில்தான். ஏடு முந்நூறு ஆண்டு தாங்கியது. கேசட்டும் வட்டும் முப்பது நாற்பது ஆண்டிலேயே மூச்சு வாங்குகின்றன.

இனி நம் பக்கம். எண்பதுகளில் தமிழகத்திலும் புதுவையிலும் இத்தகைய படுக்கையறை நிரலாளர் கூட்டம் உருவாகவில்லை. வியப்பில்லை. வெளிநாட்டுக் கணினிக்குச் சுங்கவரி கடுமை. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்த பின்னரே கதவு சற்றுத் திறந்தது. அதே ஆண்டு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின் கீழ் நாடெங்கும் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரமின் இந்திய வடிவத்தைச் செய்து விற்றது. ஆயினும் ஒரு கணினிக்குள் நாற்பது பிள்ளைகள் எட்டிப்பார்த்த நாட்டில், தனியறையும் தனிக்கணினியும் தூங்காத இரவும் எத்தனை பேருக்கு வாய்க்கும்? புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூனில், தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் எங்கள் திருக்கனூருக்குத் தனியறை என்ற சொல்லே புதிது. தொண்ணூறுகளில் தட்டச்சுப் பயிலகத்தின் மூலையில் துணிபோர்த்தி வைத்திருந்த பெட்டியைத்தான் எங்கள் தலைமுறை முதன்முதலாகக் கணினியென்று கண்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

ஆனால் அதே வயதுக் கணினிகளில், அதே பொழுதுபோக்கு வெறியோடு இரவு விழித்த தமிழர்கள் இருந்தனர். பெரும்பாலோர் கடல்கடந்து வாழ்ந்தவர். அவர்கள் செய்தது விளையாட்டன்று, எழுத்து. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே என்பதைத்தான் இங்கே சொல்ல விழைகிறோம்.

ஸ்பெக்ட்ரம் திரையில் ஓர் எழுத்து என்பது எட்டுக்கு எட்டு, அறுபத்துநான்கு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம். அவற்றில் இருபத்தொரு கட்டங்களைப் பயனர் தம் விருப்பப்படி வரைந்துகொள்ள அக்கணினி இடமளித்தது. ஆங்கிலச் சிறுவன் அதில் பேயை வரைந்தான், விண்கலத்தை வரைந்தான், தாவிக் குதிக்கும் சுரங்கத் தொழிலாளியை வரைந்தான். அதே வசதியைக் கண்ட தமிழனுக்குத் தோன்றியது, இங்கே ஏன் ஒரு ழகரத்தை வரையக்கூடாது என்பது. வரைந்து பார்த்தால் தெரியும் தொல்லை. 'ட'வும் 'ப'வும் எளிது. 'ழ'வின் கால் கட்டத்திற்குள் மடங்காது. 'ணூ' எட்டுப் புள்ளி அகலத்தில் எவ்விதத்திலும் அடங்காது. அத்துடன் இருபத்தொரு இடம் எம்மூலைக்கு? 247 எழுத்துக்கும் தனியுரு வேண்டாம். கொம்பும் காலும் புள்ளியும் பிரித்துக்கொண்டால் போதும். ஆனாலும் உகர ஊகார வரிசைகள் பிரிக்க இணங்காமல் தனித்தனி உருவம் கேட்கும். அவை மட்டுமே முப்பத்தாறு. உயிரும் மெய்யும் கிரந்தமும் சேர நூறை ஒட்டி வந்துவிடும்.

இங்கே ஓர் உண்மையை இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ணா, றா, னா, லை, ளை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய சுழிவடிவங்களை மாற்றியது. அச்சுக்கோப்போரை முன்னிட்டுச் செய்ததென்றே அதைப் பாடஞ்சொல்லி வருகிறோம். ஆறேழு ஆண்டுகளில் கணினிக்கு எழுத்து வரையப் புகுந்தவர்களுக்குப் பதின்மூன்று உருவங்கள் மிச்சமாயின என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

பிறகு வந்த கணினிகளில் கட்டம் பெரிதாயிற்று. 1984-இல் மெக்கின்டாஷ் வந்தது; 1986-இல் எழுத்துரு வரைவதற்கென்றே ஃபாண்டோகிராஃபர் என்னும் மென்பொருள் வந்தது. பொறியாளர், வேதியியலார், ஆசிரியர் என்று யார் யாரோ மாலை வேளைகளில் தமிழ் வரைய உட்கார்ந்தனர். கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் எண்பதுகளில் 'ஆதமி'யைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு'வைத் தொடங்கினார். அவர் தந்தை முரசு நெடுமாறன் கவிஞர், மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தொகுத்தவர். அந்த முரசு அஞ்சலாகி, 2005-இல் செல்லினமாகிக் கைப்பேசிக்குள் புகுந்த கதை பலருக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை வரைந்து இலவசமாக வழங்கினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களுக்கு ஆசிரியர், 'கணியன்' அவருடையது. 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் அவற்றுள் ஒன்றாக நின்றதற்கு அவரும் காரணம். 1999-இல் அவர் மறைந்தார். சிறுகதைக்காக அவரை நினைவுகூர்வோர் இதையும் நினைத்தல் நன்று.

இவர்கள் எவரும் தொலைந்தவர் அல்லர். பேட்டிகள் உள்ளன, நூல்கள் உள்ளன. ஆனால் தமிழ்க் கணிமையின் வரலாறு என்று நாம் எழுதுவது பெரும்பாலும் வென்ற எழுத்துருக்களின் வரலாறாகவே இருக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளை 256 இடங்களில் நிரப்பிக்கொண்ட காலத்தில் எத்தனையோ எழுத்துருக்கள் பிறந்தன. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் மாநாடுகள் கூடித் தரப்படுத்தல் பேசின. திஸ்கி வந்தது, தாம், தாப் வந்தன, கடைசியில் ஒருங்குறி எல்லாவற்றையும் விழுங்கியது. (1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் இருந்தன. நாம் அங்கே போய்ச் சேரப் பதினைந்து ஆண்டு பிடித்தது.) தோற்ற எழுத்துருக்களை வரைந்தவர் யார்? புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் துண்டறிக்கையும் கவிதை நூலும் நினைவுமலரும் எத்தனை எத்தனை பாமினி எழுத்துருவில் அச்சாயின! அதைத் தட்டியவர்களில் எத்தனை பேர் அதை வரைந்தவர் யாரென்று கேட்டிருப்பர்?

கல்யாணசுந்தரம் தம் மின்னூலகப் பக்கங்களில் அக்காலத் தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் செய்தவர் பெயரோடு பட்டியலிட்டு வைத்தார். நூற்பட்டியல் தொகுத்த பழைய தமிழறிஞர் மரபில் வைக்கவேண்டிய பணி அது. ரோஜா முத்தையா பழைய நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் விடாமல் சேர்த்தபோது சிரித்தவர்கள் இருந்திருப்பர். இன்று அவர் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஃபிளாப்பிகளுக்கு அப்படியொருவர் இன்னும் வாய்க்கவில்லை.

இது வெறும் நன்றிக்கடன் பற்றிய பேச்சன்று. எங்கள் பக்கத்து ஊரில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொண்ணூறுகளில் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் தொகுத்து, ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். நூலாகும் முன் அவர் மறைந்தார். கையெழுத்துப் படி வீட்டு மராமத்தின்போது போயிற்று. மிஞ்சியவை ஏழு ஃபிளாப்பிகளும் இருபதுக்குக் குறைவான அச்சுத்தாள்களும். கடையும் இன்று இல்லை; நடத்தியவரைத் தேடிப்போய்க் கேட்டோம். எழுத்துரு யாரோ வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்தது, பெயர் நினைவில்லை என்றார். குற்றம் சொல்வதற்கில்லை. மையின் பெயரை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்?

மூன்று வட்டுகள் திறந்தன. திரையில் வந்ததோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. எமக்குத் தெரிந்த மாற்றிகள் எவற்றுக்கும் அது பணியவில்லை. ஆகவே ஏட்டுச்சுவடி படிக்கும் முறையையே கையாண்டோம். அச்சுத்தாளில் உள்ள ஒரு பாட்டைக் குப்பையோடு வரிக்கு வரி ஒட்டி வைத்துப் பார்ப்பது. அடிக்கடி வரும் குறி எதுவோ அது புள்ளியாக இருக்கும் என்ற ஊகம் முதலில் பலித்தது. அடுத்து ஒற்றைக்கொம்பு. பழைய எழுத்துருக்கள் கண்ணால் காணும் வரிசையில் எழுதுபவை. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியில் ககரம் முதலில், ஒகரக்குறி பின்னால். அந்த இடமாற்றம் பிடிபட்டதும் பாதி வேலை முடிந்தது. ஒப்பாரியில் 'அம்மா' திரும்பத்திரும்ப வருவது பேருதவி. நான்கு மாத மாலைகளில் ஓர் அட்டவணை தேறியது. எழுத்துருவை வரைந்தவர் யாரென்று இன்றுவரை அறிந்தோமில்லை. 'ஞ'வுக்கும் 'ஙு'வுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு 'ஸ'வை மறந்தவர், அல்லது வேண்டாமென்று விட்டவர் என்பது மட்டும் தெரியும். தனித்தமிழ்ப் பற்றாளராக இருக்கலாம். எங்களுக்குள் அவரை 'ஸகரம் நீத்தார்' என்று அழைத்து வருகிறோம். தொகுப்பாசிரியர் மரபு!

திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பொம்மைக்கு வந்த புகழ் செய்தவர் பெயர் வரை போவதில்லை. கைவினைக்கு அது பழகிப்போன விதி. நிரலும் எழுத்துருவும் கைவினையென்று நாம் கருதாததால் அவற்றைச் செய்தவருக்கு அந்த அளவு பரிவுகூடக் கிட்டவில்லை.

செய்யத்தக்கது மிகச் சிறிது. எண்பது தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துரு வரைந்தவரும் எழுதிமென்பொருள் செய்தவரும் பலர் இன்று அறுபது எழுபது வயதில் இருப்பர். மேத்யூ ஸ்மித்தைத் தேடியவர்களுக்குக் கிட்டியது போல உயிரோடிருக்கும்போதே அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்: எந்தக் கணினி, எத்தனை இடம், எந்த எழுத்தை முதலில் வரைந்தீர், எதை விட்டீர், யார் யாருக்குப் படி கொடுத்தீர். வீட்டில் பழைய ஃபிளாப்பி வைத்திருப்போர் அதன்மேல் ஒட்டியிருக்கும் தாளைக் கிழிக்காமல் படமெடுத்து வைக்கவேண்டும். எழுத்துருக் கோப்பு உள்ளே இருந்தால் உரைக்கு முன்னே அதைப் படியெடுக்க வேண்டும். சாதாரண வட்டியக்கி தோற்ற இடத்தில், காந்தத் தடத்தை அப்படியே வாசித்துத் தரும் கிரீஸ்வீசல் போன்ற சிறு பலகைகள் இப்போது கிடைக்கின்றன. எங்களிடம் திறவாமல் கிடக்கும் நான்கு வட்டுகளுக்கு அதைத்தான் முயலவிருக்கிறோம். அவற்றில் ஒன்றின்மேல் ஆசிரியரின் கையெழுத்தில், நீல மையில், 'நடவு – 2' என்றிருக்கிறது. 'நடவு – 1' திறந்த மூன்றில் இல்லை.